நகரங்களின் வைத்தியர் பாட்ரிக் கெடிஸ்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் வந்து குடியேறிய நம் போன்றோர்க்கு, நகரம் என்பது பெரும்பாலும் ஒரு வசதியாகவோ அன்றி ஒரு தொல்லையாகவோதான் தோன்றுகிறது. ரயில் வண்டி நேரத்தில் வந்தால் வசதி; குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொல்லை. அந்நகரம் எவ்வாறு அமைந்தது, அதன் தெருக்களை வகுத்தவர் யாவர், திறந்த வெளிகளை விட்டு வைத்தவர் யாவர் என்றெல்லாம் எண்ணிப் பார்க்க நமக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு சாலையை அகலப்படுத்தக் காகிதத்தின் மேல் ஒரு கோடு கிழிக்கப்படும்போது, அக்கோட்டின் கீழ் ஒரு குடும்பம் சமைத்துக் கொண்டும், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக் கொண்டும் இருக்கிறது. இவ்வுண்மையை அரசாங்கங்களுக்கும் நகரசபைகளுக்கும் ஓயாது எடுத்துரைத்த பேரறிஞர் ஒருவர் நம் நாட்டில் சுமார் பத்தாண்டுகள் வாழ்ந்து தொண்டாற்றினார். தஞ்சையின் சந்துகளிலும் மதுரையின் தேரோடும் வீதிகளிலும் நடந்தார். இந்தூரில் தீபாவளி நடத்தினார். நாம் வாழும் இம்மும்பை மாநகரில் ஆசிரியராய் அமர்ந்தார். அவரே ஸ்காட்லாந்து தேசத்தவரான பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ். அவர் வாழ்க்கையை நம் காலனிக் குடும்பங்கள் அறிந்து கொள்ளுதல் நலம் என்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

இளமையும் கல்வியும்

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் வடபாலுள்ள பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே அக்டோபர் 2-ஆம் நாளில்தான் நம் தேசப்பிதா காந்தியடிகளும் பிறந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்க ஓர் ஒற்றுமை. தந்தையார் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து அதிகாரி நிலைக்கு உயர்ந்தவர். கெடிஸ் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் பெர்த் என்னும் நகருக்கு அருகில் குன்றின் சரிவில் அமைந்த ஒரு வீட்டிற்கு மாறியது. வீட்டைச் சுற்றித் தோட்டம், கீழே பள்ளத்தாக்கு, அதனூடே டே என்னும் ஆறு, அதன் கரையில் நகரம். செடி வைக்கவும் காய்கறி பயிரிடவும் தந்தையாரே கற்றுக் கொடுத்தார். மலையும் ஆறும் வயலும் ஊரும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் காட்சியை நாள்தோறும் கண்டு வளர்ந்த சிறுவன், பின்னாளில் நகரம் என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க இயலாதவன் ஆனான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தந்தையார் விருப்பப்படி அவர் ஒரு வங்கியில் குமாஸ்தா வேலை பயிலச் சேர்ந்தார். ஓராண்டுக்கு மேல் பேரேடுகளோடு காலம் கழித்தார். வேலையைத் திறம்படவே செய்தாராயினும் மனம் அதில் நிற்கவில்லை. பின்பு எடின்பரோ பல்கலைக் கழகத்தில் தாவர நூல் படிக்கச் சேர்ந்து, உயிருள்ள செடியை விட்டுவிட்டு உலர்ந்த செடியைப் பற்றியே பேசும் அக்கல்வி பிடிக்காமல் ஒரே வாரத்தில் விலகினார். 1874-இல் லண்டன் சென்று, அந்நாளில் புகழின் உச்சியிலிருந்த தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பரீட்சைகளில் அவருக்கு நம்பிக்கையில்லை. இறுதிவரை அவர் எந்தப் பல்கலைக் கழகத்திலும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறவில்லை. எனினும் இரண்டு நாடுகளில் பேராசிரியராய் விளங்கினார். பட்டமில்லாதவர்கள் இதனைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்ளலாகாது. அவர் படித்த அளவு படித்தவர் அக்காலத்திலும் சிலரே.

1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டிற்குச் சென்றபோது அவருக்குப் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. கண்பார்வை மங்கிற்று. பல வாரங்கள் கண்களைக் கட்டிக் கொண்டு இருட்டறையில் இருக்க வேண்டியதாயிற்று. நுண்ணோக்காடி வழியே உயிரணுக்களைக் காண்பதையே தொழிலாக எண்ணியிருந்த இளைஞர்க்கு இது எத்தகைய இடி என்று சொல்லவேண்டுவதில்லை. அந்த இருளில் ஒருநாள் சன்னலின் கண்ணாடிக் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தவர், ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு கருத்தை வைத்து, அவை ஒன்றுக்கொன்று எவ்வாறு உறவாகின்றன என்று சிந்திக்கத் தொடங்கினார். பார்வை திரும்பிய பின்னும் கண்கள் பழைய வலிமையை அடையவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் நுண்ணுயிர்களை நோக்கிய அறிஞர், அதன்பின் மெல்ல மெல்ல மனிதர் வாழும் கூடுகளாகிய நகரங்களை நோக்கத் திரும்பினார்.

சேரியில் குடியேறிய பேராசிரியர்

எடின்பரோ நகரில் அந்நாளில் இரண்டு பகுதிகள் இருந்தன. செல்வர் வாழும் புதிய நகரம் ஒன்று. குன்றின் முதுகில் உயர்ந்த கட்டடங்கள் நெருங்கி நிற்க, ஒரு அறையில் ஒரு குடும்பம் என ஏழைகள் அடைந்து கிடந்த பழைய நகரம் மற்றொன்று. 1886-இல் கெடிஸ் ஆன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்தார். இசையில் தேர்ச்சியும் ஏழைகள்பால் இரக்கமும் உடைய அவ்வம்மையார், கணவரோடு புதிய நகரின் நல்ல வீட்டை விட்டு, பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் சேரிக் கட்டடத்தில் குடியேறச் சம்மதித்தார்.

அங்கே அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. முற்றத்தைக் கூட்டினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சன்னல்களில் பூச்செடிகள் வைத்தார்கள். முதலில் வேடிக்கை பார்த்த அண்டை வீட்டார் பின்பு தாமும் துடைப்பத்தையும் சுண்ணாம்பு மட்டையையும் எடுத்தனர். சிறிது சிறிதாக அப்பகுதியின் முகம் மாறியது. இடிந்த சில வீடுகள் அகற்றப்பட்டு வெளிச்சமும் காற்றும் வந்தன. நல்ல வீடுகள் பழுது பார்க்கப்பட்டன. மாணவர்கள் தாமே நடத்திக்கொள்ளும் விடுதிகளை 1887 முதல் அங்கேயே ஏற்படுத்தினார். படித்தவர்களும் தொழிலாளர்களும் ஒரே முற்றத்தில் வாழ்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னாளில் அவருடைய தொண்டர்கள் பழைய நகரின் சந்துகளை ஒவ்வொன்றாய் நடந்து அளந்தபோது, யாருக்கும் பயனின்றிக் குப்பைமேடாய்க் கிடந்த 70-க்கு மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்தனர். எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஏக்கர். அவற்றுள் சில குழந்தைகள் விளையாடும் தோட்டங்களாயின. இடமே இல்லை என்று எல்லோரும் கூறிய ஊரில், தேடிப் பார்த்தவர்க்கு இடம் கிடைத்தது.

1888 முதல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவர நூற் பேராசிரியரானார். ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் அங்கே பாடம் நடத்தினால் போதும் என்ற ஏற்பாடு இருந்ததால் மற்ற மாதங்களைப் பொதுப்பணிக்குச் செலவிட்டார். 1892-இல் எடின்பரோ கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு பழைய கோபுரத்தைப் பெற்று, அதனை நோக்குக் கோபுரமாக்கினார். உச்சியில் நகரின் உயிர்க்காட்சி ஒரு வெண்மேசையின் மேல் விழும். அதனைக் கண்டு படியிறங்கினால் ஒரு தளத்தில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்காட்லாந்து, பின்பு பிரிட்டன், ஐரோப்பா, கடைசியில் உலகம். தன் தெருவிலிருந்து தொடங்கி உலகத்தை அறியும் முறை அது.

மலை முதல் கடல் வரை

ஊரை அறிய வேண்டுமானால் இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் கண்ட அடிப்படை. மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை அவர் படமாக வரைந்து காட்டுவார். உச்சியில் சுரங்கத் தொழிலாளி, காட்டில் மரம் வெட்டுவோனும் வேடனும், புல்வெளியில் ஆயன், சமவெளியில் உழவன், கரையில் மீனவன் என ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தொழிலும், தொழிலுக்கேற்ற வாழ்வும் அதில் காணப்படும்.

இதைப் படிக்கும் தமிழ் நெஞ்சம் சிறிது திடுக்கிடும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பகுத்து, அவ்வந்நிலத்துக்குரிய மக்களையும் தொழிலையும் வகுத்துச் சொன்ன தொல்காப்பிய மரபு நம்முடையதன்றோ! கெடிஸ் நம் இலக்கணத்தைப் பார்த்து அப்படத்தை வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தையும் வாழ்வையும் கூர்ந்து நோக்கிய இரண்டு மரபுகள், ஒன்றையொன்று அறியாமலே ஓரிடத்தில் வந்து சேர்ந்தன என்று மட்டும் கொள்ளலாம்.

எம்டனும் கண்காட்சியும்

உலக நகரங்களின் வரைபடங்களையும் ஓவியங்களையும் திரட்டிக் கெடிஸ் ஒரு கண்காட்சி அமைத்திருந்தார். 1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அதற்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. சென்னை மாகாண கவர்னராயிருந்த பெண்ட்லண்ட் பிரபு, அக்கண்காட்சியுடன் வருமாறு அவரை அழைத்தார். 1914-இல் தமது அறுபதாம் வயதில், மூத்த மகன் அலாஸ்டருடன் கெடிஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்ற வேறொரு கப்பலில் வந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மானிய எம்டன் கப்பலை நம் பாட்டன்மார் கதை கதையாய்ச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே எம்டன்தான் அக்டோபர் மாதத்தில் கிளான் கிராண்ட் கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு அரபிக் கடலின் அடியிற் சென்றது.

அவர் தளரவில்லை. தாய்நாட்டு நண்பர்கள் மறுபடியும் படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915-இல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. பின்பு பல நகரங்களுக்கும் சென்றது.

தஞ்சையிலும் மதுரையிலும்

அவர் வந்த காலத்து நிலையை இங்குச் சொல்லவேண்டும். 1896-இல் மும்பையில் பிளேக் நோய் பரவியதன் பயனாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. நெருக்கமான பகுதிகளை ஊடறுத்து நேரான அகலச் சாலைகள் போடுவதே நோய்க்கு மருந்து என்று அதிகாரிகள் நம்பினர். பிரின்சஸ் வீதி, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை முதலியன அவ்வாறு எழுந்தன. தாதர், மாதுங்கா பகுதிகளை மனைகளாக வகுத்ததும் அந்த டிரஸ்டே. தமிழர் பலர் அங்கே வாழ்வு பெற்றனர் என்பதை நன்றியுடன் நினைக்கவேண்டும். ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்த ஏழைகளில் பெரும்பாலோர் புதிய மனைகளுக்குப் போகவில்லை. போக அவர்களிடம் பணமில்லை. அடுத்த சந்திலிருந்த நெருக்கமான வீட்டிலேயே மேலும் நெருக்கி அடைந்தனர். ஓரிடத்து நெருக்கடி பக்கத்திற்குத் தள்ளப்பட்டதேயன்றி ஒழியவில்லை. இதே முறையை மற்ற நகரங்களும் பின்பற்றத் தொடங்கியிருந்தன.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் அத்தகைய நேர்கோட்டுத் திட்டம் ஒன்று தயாராயிருந்தது. கெடிஸ் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியானது, எது பாழடைந்தது, எங்கே கிணறு, எங்கே கோயில், எங்கே மரம், எங்கே காலிமனை என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். முடிவில் அவர் காட்டியது இது: இடிந்து போன சில வீடுகளை மட்டும் அகற்றி, இருக்கும் காலிமனைகளை இணைத்து, முட்டுச் சந்துகளைத் திறந்துவிட்டால் காற்றும் வெளிச்சமும் போக்குவரத்தும் தாமே வந்துவிடும். கிடைத்த சிறு வெளிகளில் மரம் வைத்து மேடை கட்டினால் அவை பெண்களும் முதியோரும் அமரும் இடமாகும். குடிபெயர வேண்டியவர் மிகச் சிலர். செலவோ நேர்கோட்டுத் திட்டத்தின் ஒரு சிறு பகுதி. இம்முறைக்குக் காக்கும் ரண சிகிச்சை என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். மதுரையிலும் இதே வழியைக் கூறினார்.

நோயாளியைப் பாராமல் கத்தியை எடுப்பவன் வைத்தியனாகான். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்த பிறகே செயல் என்று திருவள்ளுவப் பெருந்தகையார் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறையை நாம் அறிவோம். நகரத்திற்கும் முதலில் நோயறிதல், பின்பே சிகிச்சை என்பதே கெடிஸ் கடைப்பிடித்த நெறி.

நம் கோயில் நகரங்களை அவர் மிகவும் மதித்தார். கோயிலைச் சுற்றி ஒன்றின் புறத்தே ஒன்றாக வீதிகள், தேர் திரும்புவதற்கேற்ற அகலம், நிழல் தரும் மரங்கள், நீராடத் திருக்குளம். நகர அமைப்பு என்பது மேனாட்டார் கொண்டு வந்த புதுக்கலை என்று படித்த இந்தியரே எண்ணியிருந்த காலத்தில், அது இம்மண்ணில் முன்பே இருந்தது என்று அவர் எடுத்துக் கூறினார். சி. பி. வேங்கடராமய்யர் தமிழ் நூல்களை ஆதாரமாகக் கொண்டு தென்னாட்டின் பண்டை நகர அமைப்பைப் பற்றி 1916-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்குக் கெடிஸே முன்னுரை வழங்கினார். புகாரும் மதுரையும் காஞ்சியும் அந்நூலில் உலகத்தார் முன் வந்து நின்றன.

குளங்களைப் பற்றிய அவர் கருத்து இன்று நமக்கு மிகவும் வேண்டியது. கொசு பெருகுகிறதென்று ஊர்க்குளங்களைத் தூர்த்துவிடச் சுகாதார அதிகாரிகள் முனைந்தனர். கெடிஸ் தடுத்தார். குளத்தைத் துப்புரவு செய்து, மீனையும் வாத்தையும் விட்டால் அவை கொசுப் புழுக்களை உண்டுவிடும். குளம் வெப்பத்தைத் தணிக்கும். பெருமழை நீரை வாங்கிக்கொள்ளும் என்றார். அவர் சொல்லை நாடு கேட்கவில்லை. சென்னையில் மாம்பலத்துப் பெரிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. பின்னும் எத்தனையோ ஏரிகள் மனைகளாயின. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோதும், 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நம் கட்டடங்களின் தரைத்தளங்களில் நீர் புகுந்தபோதும், நீருக்குரிய இடத்தை நாம் எடுத்துக்கொண்டதன் பலனை அனுபவித்தோம்.

துன்பமும் தொண்டும்

இந்தியாவில் அவர் சுமார் 50 நகரங்களைக் கண்டு அறிக்கைகள் எழுதினார். லக்னோ, பரோடா, டாக்கா, லாகூர், கபுர்தலா, நாகபுரி, நம் பக்கத்துத் தாணா, பாந்த்ரா எனப் பட்டியல் நீளும். 1921-இல் கொழும்பு நகருக்கும் அறிக்கை அளித்தார். அதே காலத்தில் டில்லியில் பேரரசின் பெருமைக்காக அகன்ற வீதிகளும் மாளிகைகளும் கொண்ட புதிய தலைநகரம் எழுந்துகொண்டிருந்தது. கெடிஸோ நெய்பவர் தெருவிலும் குயவர் தெருவிலும் நின்றுகொண்டிருந்தார்.

1917-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் கொடிய ஆண்டு. ஏப்ரல் மாதத்தில், பிரான்ஸ் நாட்டுப் போர்க்களத்தில் அலாஸ்டர் உயிரிழந்தார். தந்தையோடு இந்தியத் தெருக்களில் நடந்து கண்காட்சியைத் தாங்கி நின்ற மகன் அவர். செய்தி வந்தபோது ஆன்னா அம்மையார் இந்தியாவில் கடுங்காய்ச்சலால் படுக்கையில் இருந்தார். அச்செய்தியை மனைவிக்குச் சொல்லத் துணியாத கெடிஸ், மகனுடைய பழைய கடிதங்களைப் படித்துக் காட்டி வந்தார். மகன் இறந்ததை அறியாமலே அம்மையார் சில வாரங்களில் இந்திய மண்ணில் கண் மூடினார். சேரியில் சுண்ணாம்பு அடித்த நாள் முதல் உடனிருந்த துணை நீங்கிற்று. இரண்டு பெரும் பிரிவுகளையும் நெஞ்சில் தாங்கிக்கொண்டே அவர் இந்தூருக்குச் சென்றார்.

இந்தூர்த் தீபாவளி

ஹோல்கர் சமஸ்தானத்தின் தலைநகராகிய இந்தூரில் பிளேக் நோய் பரவியிருந்தது. வரைபடமும் கையுமாய்ச் சந்துகளில் திரிந்த வெள்ளைக்காரரைக் கண்டு மக்கள் அஞ்சினர். அத்தகையோர் வந்தால் வீடு போய்விடும் என்பதே அவர்கள் அனுபவம். இவ்வச்சத்தை அறிந்த கெடிஸ், தம்மை ஒருநாள் மகாராஜாவாக்க வேண்டுமென்று சமஸ்தானத்தாரைக் கேட்டுக் கொண்டார். அனுமதி கிடைத்தது.

தீபாவளி ஊர்வலம் அவ்வாண்டு வழக்கமான வழியிற் செல்லாது; எத்தெருவின் வீடுகள் நன்றாகச் சுத்தமாக்கப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றனவோ அத்தெருக்களின் வழியாகவே செல்லும் என்று அறிவித்தார். ஊர் முழுதும் போட்டி எழுந்தது. குப்பைகள் வண்டி வண்டியாய் வெளியேறின; எலிகள் பிடிக்கப்பட்டன; சுவர்கள் வெண்மை பெற்றன. ஊர்வல நாளில் அழுக்கு அரக்கர்களின் பேருருவங்களும், பிளேக்கைப் பரப்பும் எலியின் பெரிய உருவமும், கொசுவின் உருவமும் சென்றன. அவற்றின்பின், தூய வெள்ளாடை உடுத்து, மாலை சூட்டிய துடைப்பங்களை ஏந்தி, நகரின் துப்புரவுத் தொழிலாளர் பெருமிதத்துடன் நடந்தனர். பின்பு இலக்குமி தேவி எழுந்தருளினாள். புதிய நகரின் மாதிரி உருவங்கள் தொடர்ந்தன. மக்களுக்கு நாற்றுகள் வழங்கப்பட்டன. முடிவில் அரக்கரும் எலியும் தீக்கிரையாயினர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

நோய் தணிந்தது. அதற்குப் பருவம் மாறியதும் ஒரு காரணம். ஆயினும் தெருவில் நடந்த பேராசிரியரைக் கண்டு அஞ்சிய மக்கள், அதன்பின் அவரைக் கண்டால் மகிழ்ந்து சுட்டிக்காட்டினர். இந்தூர் அறிக்கை 1918-இல் இரண்டு பாகங்களாய் வெளிவந்தது. 2017 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து இந்தியாவின் தூய்மையான நகரங்களில் இந்தூர் முதலிடம் பெற்ற செய்தியைப் படித்தபோது, அந்தப் பழைய தீபாவளி என் நினைவுக்கு வந்தது.

மும்பையில் ஆசிரியர்

1919-இல் மும்பைப் பல்கலைக் கழகம் சமூகவியல், நகரவியல் துறையை ஏற்படுத்திக் கெடிஸை அதன் முதல் பேராசிரியராக்கியது. மாணவர்களை வகுப்பறையில் மட்டும் அமர்த்தாமல் வெளியே அழைத்துச் சென்று, கண்ணால் கண்டு எழுதச் செய்தார். அவர் பரிந்துரையால் இங்கிலாந்து சென்று பயின்ற ஜி. எஸ். குர்யே 1924-இல் அத்துறையின் தலைவராகி, இந்தியச் சமூகவியலை வளர்த்த முன்னோடியாய் விளங்கினார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் கெடிஸின் உற்ற நண்பர். அவர் வரலாற்றை 1920-இல் நூலாக எழுதினார் கெடிஸ். சகோதரி நிவேதிதையும் கவி தாகூரும் அவரை மதித்தவர்கள். இளைய மகன் ஆர்தர் தாகூரின் கிராமப்பணி நிலையத்திற் பணியாற்றினார்.

உடல்நலம் குன்றவே 1924-இல் இந்தியாவை விட்டு நீங்கிப் பிரான்ஸ் தேசத்தின் மாண்ட்பெல்லியரில் மாணவர் இல்லம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார். 1925-இல் டெல் அவீவ் நகருக்கு அவர் தந்த திட்டம் பெரும்பாலும் நிறைவேறியது. அதன்மேல் எழுந்த பகுதியை 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தனர். 1932-இன் தொடக்கத்தில் சர் பட்டம் பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மாண்ட்பெல்லியரில் காலமானார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. எழுத்து எளிதில் விளங்காது. பேச்சு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். ஒன்றை முடிக்குமுன் மற்றொன்றைத் தொடங்குவார். இஞ்சினீயர்களிடம் பொறுமை குறைவு. அவர்களும் அவரை விரும்பவில்லை. அறிக்கைகளில் பெரும்பாலானவை அலுவலக அலமாரிகளிற் சென்று தூங்கின. கோப்புகளோடு வாழும் என் போன்றோர்க்கு அத்தூக்கம் எத்துணை ஆழ்ந்தது என்பது தெரியும். அமெரிக்க அறிஞர் லூயி மம்ஃபோர்டு போன்ற சீடர்கள் அவர் கருத்துகளை உலகறியச் செய்தனர். இந்திய அறிக்கைகளின் பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் அம்மையார் 1947-இல் தொகுத்து வெளியிட்டார். நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் அந்நூல் வந்தும் நாம் அதனை அதிகமாய்ப் புரட்டவில்லை.

நமக்கு உரிய பாடம்

நாம் வாழும் பெருநகரங்களில் பழைய கட்டடங்கள் நாளுக்கு நாள் இடிந்து வருகின்றன. அவற்றின் இடத்தில் வானளாவும் மாடிகள் எழுகின்றன. ஒழுகும் கூரையையும் பொதுக் கழிப்பிடத்தையும் காக்கவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார். கெடிஸும் சொல்லவில்லை. பாழடைந்ததை அகற்றத் தயங்காதவர் அவர். ஆனால் அகற்றுமுன் நடந்து பாருங்கள், எண்ணிப் பாருங்கள், அங்கு வாழ்பவரைக் கேளுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். இடிக்கப்படும் வீட்டோடு வேலைக்குச் செல்லும் வழியும், பிள்ளைகளின் பள்ளியும், அவசரத்தில் கதவைத் தட்டினால் ஓடிவரும் பக்கத்து வீட்டு மாமியும் போய்விடுகிறார்கள். புதிய மாடியின் சதுர அடிக் கணக்கில் இவை எங்கும் எழுதப்படுவதில்லை.

ஆகவே, நம் காலனிக்கென ஒரு திட்டம் வரைபடமாய் நம்முன் விரிக்கப்படும் நாளில், நமக்கு எத்தனை சதுர அடி என்ற கேள்வியோடு நின்றுவிடாமல் வேறு சிலவற்றையும் கேட்கப் பழகுவோம். குழந்தைகள் விளையாடும் மைதானம் எங்கே? நம் சங்கம் பந்தல் போடும் வெளி எங்கே? வேப்பமரம் நிற்குமா? மழைநீர் எப்பக்கம் போகும்? வாடகைக்கு இருப்பவரும் வேலைக்கு வரும் பெண்களும் எங்கே போவார்கள்? இவற்றைக் கேட்கப் பட்டம் வேண்டுவதில்லை. தன் தெருவை நடந்து அறிந்திருந்தால் போதும். இளைஞர்களும் மாணவர்களும் ஒரு விடுமுறை நாளில் நோட்டுப் புத்தகத்தோடு நம் காலனியைச் சுற்றி வந்து, மரங்களையும் கிணறுகளையும் காலியிடங்களையும் குறித்து ஒரு படம் வரைவார்களாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் தொண்டு!